தங்கத் துகளும் லேசர் ஒளியும்: புற்றுநோய் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் தங்க ஊசி போட்டு லைட் அடித்தால் கேன்சர் கரைந்துவிடுகிறதாம், ஆபரேஷன் வேண்டாமாம், கரண்ட் வைக்க, அதாவது கதிர் சிகிச்சை எடுக்க, வேண்டாமாம். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், அதிலும் ஒளியியல்தான் என் பாடம். அதனால் சித்தி, அத்தான், மச்சினன் என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் உண்மையான, அழகான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அதை நம்பிப் பெரியப்பா இரண்டு மாதம் கதிர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். அந்த இரண்டு மாதமும் நான் படித்ததையும், வீட்டில் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. என்ன சிகிச்சை என்ற முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு உட்கார்ந்து எடுங்கள். அந்தப் பேச்சுக்கு இது உதவினால் போதும்.

வெறும் வெளிச்சம் எப்படிப் புற்றுநோயைக் கொல்லும்?

வெளிச்சம் மட்டும் கொல்லாது. அதை வாங்கி வேறொன்றாக மாற்றித் தரும் பொருள் கட்டிக்குள் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் தகரக் கூரையில் கை வைக்க முடியாது. பக்கத்திலேயே அதே வெயிலில் நிற்கும் வாழையிலை சுடாது. வெயில் ஒன்றுதான், வாங்குகிற பொருள்தான் வேறு. இந்த வித்தியாசத்தைக் கட்டிக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் மொத்த யோசனையும்.

மாற்றித் தருவதில் இரண்டு வழி உண்டு. முதல் வழி சூடு. துகள் ஒளியை விழுங்கிச் சூடாகிறது, சுற்றியிருக்கும் செல்கள் வெந்துபோகின்றன. இதை ஒளிவெப்ப சிகிச்சை என்கிறோம். நம் உடம்பு 37 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. 42, 43 டிகிரியைத் தாண்டி அந்தச் சூடு நீடித்தால் செல்கள் திணறத் தொடங்கும். 60 டிகிரியைத் தொட்டால் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதைப் போலச் செல்லின் புரதங்கள் சட்டென்று உறைந்துவிடும்.

இரண்டாவது வழி வேதியியல். சில சாயங்கள் ஒளியை வாங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடும். சாதுவாக இருந்த ஆக்சிஜன் வெறிபிடித்த ஆக்சிஜனாகி, தொட்டதையெல்லாம் சிதைக்கும். அது மைக்ரோவினாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும், செல்லின் அகலத்தைக்கூடக் கடக்காது. அதனால் பிறந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடும். இது ஒளியியக்க சிகிச்சை.

தங்கம் எதற்கு? நம் நகைத் தங்கமா?

அதே தங்கம்தான். ஆனால் ரொம்பச் சின்னதாக ஆகும்போது தங்கத்தின் குணம் மாறிவிடுகிறது. 1857இல் லண்டனில் மைக்கேல் பாரடே தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கவிட்டார். கிடைத்த திரவம் மஞ்சளாக இல்லை, மாணிக்கச் சிவப்பாக இருந்தது. துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளி பட்டதும் கூட்டமாக ஊஞ்சல் ஆடுகின்றன. எந்த நிற ஒளிக்கு அந்த ஊஞ்சல் பலமாக ஆடும் என்பதைத் துகளின் அளவும் வடிவமும் முடிவுசெய்கின்றன. அந்த நிறத்தைத் துகள் பெருமளவு விழுங்கிச் சூடாக மாற்றிவிடும்.

இங்கேதான் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நவோமி ஹாலஸ் வருகிறார். 1990களின் பிற்பகுதியில் அவருடைய குழு முழுத் தங்க உருண்டைக்குப் பதிலாக, மணலில் இருக்கும் அதே சிலிக்காவில் ஒரு குட்டி உருண்டை செய்து, அதன் மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தியது. ஓட்டின் தடிமனைக் கூட்டிக் குறைத்தால், துகள் எந்த ஒளியை விழுங்கும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். வீணைத் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதைப் போல. வகுப்பில் இதை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கே புதிதாக இருக்கும்.

மருத்துவத்துக்காகச் செய்த தங்க ஓட்டுத் துகளின் அளவு ஏறக்குறைய 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐந்நூறு துகள்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

தங்கத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், அது துருப்பிடிக்காது, உடம்பில் எதனோடும் எளிதில் வினைபுரியாது. நம் பாட்டிகள் காதிலும் மூக்கிலும் அதைத்தானே போட்டுக்கொண்டார்கள்.

எந்த ஒளி? ஏன் கண்ணுக்குத் தெரியாத ஒளி?

இரவில் விளக்கை அணைத்துவிட்டு உங்கள் போனின் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச் செவேல் என்று ஒளிரும். டார்ச்சில் இருந்து நீலமும் பச்சையும் சேர்ந்துதான் வந்தன. ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அவற்றை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் விட்டுவிடுகிறது. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக்குப் போனால் ஒளி இன்னும் ஆழமாகப் போகும். அதற்கும் அப்பால் போனால் உடம்பில் இருக்கும் தண்ணீர் விழுங்கத் தொடங்கிவிடும். நடுவில், சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் அலைநீளம் வரை, நம் சதை கொஞ்சம் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. ஹாலஸ் குழு தங்க ஓட்டைச் சுருதி சேர்த்தது 800 நானோமீட்டரை ஒட்டி, அந்த ஜன்னலுக்குள்.

ஆனால் ஜன்னல் திறந்திருக்கிறது என்பதால் ஒளி வீடு முழுக்கப் பரவிவிடாது. சதைக்குள் அது சிதறிச் சிதறி, ஓரிரு சென்டிமீட்டருக்குள் பெரும்பாலும் தேய்ந்துபோகும். உள்ளங்கை ஒளிர்கிறது, தொடை ஒளிர்வதில்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஊசியில் போட்ட துகள் கட்டியைத் தேடி எப்படிப் போகும்?

தேடிப் போகாது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், கட்டியில் ஒழுகி நின்றுவிடும். அவசரத்தில் கட்டிய வீட்டின் குழாய் ஒழுகுவதைப் போல, வேகமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் இருக்கும். நல்ல குழாயில் இருந்து வெளியே வர முடியாத அளவுள்ள துகள் இங்கே வெளியே வந்துவிடும். கட்டியில் வடிகாலும் சரியாக இருக்காது என்பதால் அங்கேயே தங்கும். ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் இதை எழுதினார்கள். அதற்குப் பிறகு நானோ மருத்துவம் முழுவதுமே இந்த ஒழுகலை நம்பித்தான் வளர்ந்தது.

எவ்வளவு போய்ச் சேருகிறது? டொரொண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு, பத்து வருடங்களில் வெளியான விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் கணக்குப் போட்டது. உடம்பில் செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை மதிப்பாகச் சொன்னால், 0.7 சதவீதம். நூறில் ஒன்றுகூட இல்லை. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அழுக்கை வடிகட்டுவது அவற்றின் வேலை.

ஆனால் ஒளி சிகிச்சைக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் உண்டு. கீமோ மருந்து கல்லீரலுக்குப் போனால் அங்கேயும் விஷம்தான். கல்லீரலுக்குப் போன தங்கமோ ஒளி படாதவரை சும்மா கிடக்கும். துகள் இருக்கும் எல்லா இடத்திலும் ஒளி விழாது. ஒளி விழும் எல்லா இடத்திலும் துகள் இருக்காது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும்தான் செல் சாகும். லேசரின் சக்தியையும், துகள் இல்லாத சதையைச் சுடாத அளவுக்குக் குறைத்தே வைக்கிறார்கள். என்னை இந்த ஆராய்ச்சியின் பக்கம் இழுத்தது இந்த இரட்டைப் பூட்டுதான்.

மனிதர்களிடம் செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

ஹாலஸும், அதே பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த உயிரிப் பொறியாளர் ஜெனிஃபர் வெஸ்ட்டும் சேர்ந்து, 2003இல் மார்பகப் புற்றுநோய்ச் செல்களிலும் எலிகளிலும் தங்க ஓடு வேலைசெய்வதைக் காட்டினார்கள். 2004இல் எலிகளின் ரத்தத்தில் துகளைச் செலுத்தி, தோலுக்கடியில் இருந்த கட்டிகள் மேல் லேசரைக் காட்டினார்கள். சிகிச்சை பெற்ற எலிகள் எல்லாவற்றிலும் கட்டி மறைந்தது, 90 நாளுக்கு மேல் நன்றாக இருந்தன. அப்புறம் வேறு சிகிச்சை பலிக்காத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் சிறிய அளவில் முயன்றார்கள். கடைசியாகப் புராஸ்டேட்டுக்கு வந்தார்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது அந்தப் புராஸ்டேட் ஆய்வுதான். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் அர்தஷீர் ரஸ்டினஹாத் என்ற மருத்துவர் நடத்தினார், முடிவுகள் 2019இல் வெளிவந்தன. முதல் நாள் தங்கத் துகளைக் கையின் ரத்தக் குழாய் வழியாக ட்ரிப்ஸ் போலச் செலுத்துகிறார்கள். துகள் கட்டிக்குள் சேர ஓர் இரவு விடுகிறார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கட்டி இருக்கும் புள்ளியைக் குறிவைத்து, மெல்லிய லேசர் இழையை ஊசிபோல உள்ளே நுழைக்கிறார்கள். புராஸ்டேட் ஆழத்தில் இருப்பதால் வெளியே இருந்து ஒளி எட்டாது. அதனால் ஒளியையே உள்ளே கொண்டுபோகிறார்கள்.

16 ஆண்களிடம் தொடங்கி 15 பேருக்குச் சிகிச்சையை முடித்தார்கள். கடுமையான சிக்கல் வரவில்லை. சிறுநீர் கழிப்பதிலும் ஆண்மையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்தக் கடைசி வரியின் கனம் புராஸ்டேட் நோயாளி உள்ள வீடுகளுக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் அடங்காமல் போவதும், தாம்பத்தியம் பாதிக்கப்படுவதும் நம் வீட்டு ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத கஷ்டங்கள். சுரப்பி முழுவதையும் எடுக்காமல் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுவிட முடிந்தால் அது பெரிய கொடை.

அப்படியென்றால் பெரியப்பாவுக்கு ஏன் பொருந்தவில்லை?

அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும், நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த, ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று வகைப்படுத்தப்பட்ட ஆண்கள். புராஸ்டேட் பயாப்ஸி ரிப்போர்ட்டில் கிளீசன் மதிப்பெண் என்று ஓர் எண் இருக்கும். 6 என்றால் மெதுவான நோய், 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை தீவிரம். பெரியப்பாவின் எண் 9. அமெரிக்காவிலேயே பிறந்திருந்தாலும் அவரை அந்த ஆய்வில் எடுத்திருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் செய்தியில் இந்த ஒரு வரி இல்லை.

நானும் அந்த எண்ணை முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். தங்கத்தின் இயற்பியலை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன், ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்த அன்று இரவே பெரியப்பாவிடம் பேசினேன். "சரிம்மா, கரண்ட் வைக்கப் போறேன்" என்றார். இப்போது ஹார்மோன் ஊசியும் கதிர் சிகிச்சையும் முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று காட்டும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு மாதம் என்ன செய்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

உடம்பில் பரவிவிட்ட புற்றுநோய்க்கு இது உதவுமா?

இப்போதுள்ள நிலையில் உதவாது. எலும்பில் ஒன்று, நுரையீரலில் நான்கு, கல்லீரலில் கண்ணுக்கே தெரியாமல் பத்து என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் லேசர் இழையைக் கொண்டுபோக முடியாது. ரத்தப் புற்றுநோய்க்கும் இதே கதைதான், குறிவைக்கக் கட்டி என்று ஒன்று இல்லை. இது அறுவை சிகிச்சையைப் போல ஓர் இடத்துச் சிகிச்சை. உடம்பு முழுவதற்குமான சிகிச்சைகள் கீமோ, ஹார்மோன், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள்.

ஒரு நம்பிக்கைக் கீற்று உண்டு. சூட்டில் செத்த புற்றுநோய்ச் செல்கள் தங்கள் அடையாளங்களைச் சிந்திவிட்டுப் போகின்றன. அவற்றைப் பார்த்து நோய் எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொண்டு, வேறு இடத்தில் இருக்கும் கட்டியையும் தாக்குவதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்பு மருந்தோடு ஒளியைச் சேர்த்துக் கொடுக்கும் ஆராய்ச்சி பல இடங்களில் நடப்பது இதனால்தான். மனிதரிடம் அப்படி உறுதியாக வேலைசெய்யும் என்று சொல்லும் நிலைக்கு வரவில்லை.

இன்றைக்கே மருத்துவமனைகளில் இருக்கும் ஒளி சிகிச்சை ஏதாவது உண்டா?

உண்டு. அது தங்கத்தைவிட ரொம்பப் பழையது. 1900இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் சாகின்றன, மங்கலில் பிழைத்துக்கொள்கின்றன என்று எழுதினார். அவருடைய ஆசிரியர் டாப்பைனர் 1903இலேயே இயோசின் சாயத்தைப் பூசி, வெளிச்சம் காட்டி, தோல் கட்டிகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்துவிட்டார். பிறகு நீண்ட இடைவெளி. 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் தாமஸ் டோகர்ட்டி இதை மறுபடியும் கையில் எடுத்தார். அதில் இருந்து வந்த போட்டோஃபிரின் என்ற மருந்துக்கு 1993இல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், 1995இல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் அனுமதி கொடுத்தன. உணவுக்குழாய் அடைத்து எச்சில்கூட இறங்காதவர்களுக்கு, எண்டோஸ்கோப் வழியாகச் சிவப்பு லேசரைக் காட்டி வழி திறக்கிறார்கள்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் அதை நன்றாக யோசிக்க வேண்டும். போட்டோஃபிரின் தோலிலும் தங்கிவிடும். குறைந்தது ஒரு மாதம் வெயில் படக் கூடாது, பட்டால் தோல் வெந்துபோகும். சன்ஸ்கிரீன் பூசினாலும் பயனில்லை, ஏனென்றால் இந்தச் சாயத்தைத் தூண்டுவது புற ஊதா மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும்தான். சித்திரை மாதத்துச் சென்னையில் இதை நினைத்துப் பாருங்கள். நானோ பொருள்கள் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு இத்தனை ஆர்வம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சாயத்தைக் கொழுப்புக் குமிழிக்குள்ளோ துகளுக்குள்ளோ அடைத்துக் கட்டிக்கு அனுப்பினால், தோலுக்குப் போவது குறையும்.

புராஸ்டேட்டுக்கே ஒன்று உண்டு. டூகாட் என்ற சாயத்துக்கு 2017இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆபத்து குறைந்த புராஸ்டேட் நோய்க்கு அனுமதி கொடுத்தது. 2020இல் அமெரிக்காவின் நிபுணர் குழு அதே மருந்துக்கு எதிராக வாக்களித்தது. ஆபத்து குறைந்த நோயைச் சும்மா கண்காணித்தாலே போதுமே, அதற்கு எதற்குச் சிகிச்சை என்ற கேள்விதான் அங்கே பெரிதாக எழுந்தது. தங்க ஓட்டுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். நியாயமான கேள்விதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தை மூளைக் கட்டி நோயாளிக்கு ஆபரேஷனுக்கு முன் குடிக்கக் கொடுப்பார்கள். மூளையைத் திறந்து நீல விளக்கைக் காட்டினால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும், நல்ல மூளை ஒளிராது. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று அறுவை மருத்துவருக்கு ஒளியே காட்டிக்கொடுக்கிறது.

வாய்ப் புற்றுநோய்க்கு இது வருமா?

நம் நாட்டு ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றும் ஒன்று. புகையிலையும் பாக்கும் செய்யும் வேலை. ஒளி எளிதில் எட்டக்கூடிய இடமும் வாய்தான். அதனால் இந்தத் துறையில் நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது, என் கருத்தில், புராஸ்டேட்டைவிட இதைத்தான்.

2020 செப்டம்பரில் ஜப்பான் ஒரு மருந்துக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கானது அது. பெயர் அகாலக்ஸ். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசதாகா கோபயாஷி செய்த ஆராய்ச்சியில் பிறந்தது. இதில் தங்கம் இல்லை. புற்றுநோய்ச் செல்லின் மேல்பரப்பில் அதிகம் இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி, அதோடு கோத்துவிட்ட ஒரு சாயம், அவ்வளவுதான். மருந்தைச் செலுத்திய மறுநாள் 690 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் காட்டுகிறார்கள். சாயம் சட்டென்று வடிவம் மாறி, நீரில் கரையாத பொருளாகிச் சுருங்குகிறது. அது பிடித்திருந்த செல்லின் சவ்வு கிழிந்து, சில நிமிடங்களில் செல் ஊதி வெடிக்கிறது.

கதிர் சிகிச்சையை ஒரே இடத்தில் ஓர் அளவுக்கு மேல் கொடுக்க முடியாது. ஒளி அப்படிச் சதையில் சேர்ந்துகொண்டே போவதில்லை. திரும்பி வந்த நோய்க்கு மறுபடியும் காட்ட முடியும். பக்க விளைவாக வலியும் வீக்கமும் வரும். பெரிய ரத்தக் குழாயை ஒட்டிய கட்டி என்றால் ரத்தப்போக்கு ஆபத்து உண்டு.

தங்க பஸ்பம் சாப்பிட்டால் இதே பலன் கிடைக்குமா?

கிடைக்காது. இதைக் கேட்ட என் அத்தை சித்த மருத்துவத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர், அவருடைய நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பஸ்பத்திலும் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் இருக்கலாம். ஆனால் இந்தச் சிகிச்சையில் புற்றுநோயைக் கொல்வது தங்கம் இல்லை, லேசரின் ஆற்றல். தங்கம் அதை வாங்கிச் சூடாக்கும் அடுப்பு மட்டுமே. வாய்வழிச் சாப்பிட்ட தங்கம் கட்டியைப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் அது 800 நானோமீட்டருக்குச் சுருதி சேர்த்த துகள் இல்லை. அதன்மேல் லேசரும் காட்டப் போவதில்லை. வேறு எதற்காகவாவது பஸ்பம் சாப்பிடுகிறீர்கள் என்றால் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கீமோ நடக்கும்போது கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும்.

ஆன்லைனில் விற்கும் சிவப்பு விளக்கு, அகச்சிவப்புப் பாய் இதெல்லாம்?

வாங்காதீர்கள். துகளோ சாயமோ இல்லாமல் அந்த ஒளி கட்டியை ஒன்றும் செய்யாது. கட்டி இருக்கும் இடத்தைச் சூடாக்கி வைப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு அந்தத் தங்கம் எங்கே போகும்?

பெரும்பாலும் எங்கேயும் போகாது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் நீண்ட காலம் தங்கும். தங்கம் கரையாது, 150 நானோமீட்டர் துகள் சிறுநீரக வடிகட்டியில் புகாது. இதுவரை சிகிச்சை பெற்றவர்களிடம் இதனால் பெரிய கேடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் எண்ணிக்கை சிறியது, கவனித்த காலமும் குறைவு. எழுபது வயதுக்காரருக்கு இது சிறிய கவலை. முப்பது வயதுக்காரருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கலில் இந்தியாவில் நடந்த ஒரு வேலையைப் பெருமையோடு சொல்ல விரும்புகிறேன். மும்பை ஐ.ஐ.டி.யில் ரோஹித் ஸ்ரீவஸ்தவாவின் குழுவில் இருந்த அரவிந்த் குமார் ரங்கனும், டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் அபிஜித் டேயும், மற்றவர்களும் சேர்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கொழுப்புக் குமிழியின் மேல் குட்டிக் குட்டித் தங்கத் துகள்களை ஒட்டவைத்தார்கள். சேர்ந்திருக்கும்போது அவை பெரிய துகள் போல நடந்து, ஒளியை விழுங்கிச் சூடாகின்றன. வேலை முடிந்ததும் குமிழி கலைந்து, தங்கம் பொடிப்பொடியாகச் சிதறி, சிறுநீரகம் வழியாக வெளியேறும் அளவுக்குச் சிறியதாகிவிடுகிறது. எலிகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். கொட்டகை போட்டு, கல்யாணம் முடிந்ததும் பிரித்து எடுத்துப் போவதைப் போல. தங்கத்தின் நீண்ட காலக் கேள்விக்கு நான் பார்த்த விடைகளில் மனதுக்கு நிறைவானது இதுதான்.

ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு ஒளியைக் கொண்டுபோக வேறு வழியே இல்லையா?

முயல்கிறார்கள். இட்டெர்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த துகள்கள், ஆழமாகப் போகும் அகச்சிவப்பை வாங்கி, சாயத்தைத் தூண்டும் பச்சை அல்லது சிவப்பு ஒளியாக மாற்றித் தரும். இன்னும் சிலர் ஒளிக்குப் பதில் எக்ஸ்ரேயையே எடுத்துக்கொண்டார்கள், அதற்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை. ஹாஃப்னியம் ஆக்சைடு துகளைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்திவிட்டு வழக்கமான கதிர் சிகிச்சை கொடுத்தால், துகள் இருக்கும் இடத்தில் கதிரின் வேலை பெருகும். மென்திசுப் புற்றுநோய்க்கு 2019இல் இதற்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

எலிகளில் குணமாகிவிட்டது என்று வாரம் ஒரு செய்தி வருகிறதே, பிறகு ஏன் மருந்தாக வருவதில்லை?

எலியின் கட்டி பெரும்பாலும் தோலுக்கு அடியில், சில மில்லிமீட்டர் ஆழத்தில், ஆராய்ச்சியாளர் வைத்த இடத்தில் இருக்கும். ஒளி எட்டிவிடும். சில வாரங்களில் வேகமாக வளர்ந்த கட்டி என்பதால் ரத்தக் குழாய்கள் நன்றாக ஒழுகும். மனிதரின் கட்டி வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருக்கும். அதன் குழாய்கள் நோயாளிக்கு நோயாளி வேறுபடும், ஒரே கட்டிக்குள்ளேயே ஓரத்தில் ஒழுகி நடுவில் ஒழுகாமலும் இருக்கும். நடுவில் ஆக்சிஜனும் குறைவு, அதனால் ஆக்சிஜனை நம்பும் சிகிச்சை அங்கே பலிப்பதில்லை.

தயாரிப்பும் கடினம். ஆய்வகத்தில் ஒரு குப்பி செய்வது வேறு. ஒவ்வொரு குப்பியிலும் துகளின் அளவும் ஓட்டின் தடிமனும் மாறாமல், கிருமி இல்லாமல் ஆயிரக்கணக்கில் செய்வது வேறு. ஓடு சில நானோமீட்டர் தடித்துவிட்டால் சுருதி விலகிவிடும். 2003இல் எலியில் தெரிந்தது 2019இல் பதினாறு மனிதர்களிடம் வந்து நின்றது. பதினாறு வருடம். அவ்வளவு நாள் விடாமல் செய்தார்கள் என்பதில்தான் எனக்கு மரியாதை.

இந்தியாவில் இப்படிப்பட்ட ஆய்வு நடந்தால் சேர முடியுமா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு என்ற இணையதளத்தை நடத்துகிறது. மனிதர்களிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவுசெய்வது 2009 முதல் கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். எந்த மருத்துவமனை, எந்த வகை நோயாளி, யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவர் தங்க நானோ சிகிச்சை தருகிறேன் என்று சொன்னால் முதலில் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றாலோ, ஆய்வு மருந்துக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். ஆய்வில் சேர்வதால் இப்போது நடக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா, எத்தனை வாரம் தள்ளிப்போகும், நடுவில் விலகினால் பழைய சிகிச்சைக்குத் திரும்ப முடியுமா என்று கேளுங்கள். போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், கடைசி ஸ்கேன், சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் போவதற்கு முன்பே வீட்டில் ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிடுங்கள்.